ஊரெல்லாம் செத்தவன்தான்

“செத்தவன் நான்தானே?” என்று கேட்டுக்கொண்டே ஆதிமூலம் வாசலில் வந்து நின்றபோது, அமுதம் கிரைண்டரில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

“இன்னா மாமா?”

“கதையில செத்துப் போறானே, அவன் நான்தானேன்னு கேக்கறேன்.”

அமுதம் கிரைண்டரை நிறுத்தினாள். ஆதிமூலம் அவள் வீட்டுக்காரர் சிவப்பிரகாசத்துக்குப் பெரியப்பா மகன். அந்த வாரத்து ‘கொக்கி’ இதழை ஈ அடிப்பவர்போலச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அதைப் பிரித்து, கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தோதாகத் தூரத்தில் நீட்டிப் படித்தார்.

“‘மைனர் ரத்னவேலு தாடி வைத்தவன். வேலைவெட்டி என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. எந்த வீடாக இருந்தாலும் கேட்காமல் நுழைவான், கிடைத்ததைத் தின்பான், போய்விடுவான். ஊரே மனசுக்குள் கறுவியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.’ இந்தக் குருவிநத்தத்துல தாடி வச்சவன் யாரு? நான். கேக்காம வூட்டுக்குள்ள பூர்றவன் யாரு?”

இப்படிக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், முறத்தில் ஆறிக்கொண்டிருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளிக்கொண்டார்.

“மாமா, அது கற்பனை.”

“கற்பனையா? தோ, மேல கொட்டை எழுத்துல போட்டிருக்குதே, ‘உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்’னு. அத்த நானா போட்டேன்?”

அதை அமுதமும் போடவில்லை. ‘கொக்கி’ ஆசிரியர் மணவாளன் போட்டது. உண்மைச் சம்பவம் என்று போடாத துப்பறியும் கதையைக் கடைக்காரன் கட்டுகூடப் பிரிப்பதில்லை என்பது அவர் கட்சி. இதை ஆதிமூலத்துக்கு விளக்க முடியுமா?

“என் சம்சாரம் காலைலேர்ந்து சிரிச்சுகினே இருக்குது. நான் செத்ததுல அதுக்கு அவ்ளோ சந்தோஷம்.” இன்னொரு கை வேர்க்கடலை போயிற்று. வாசல்படி இறங்கியவர் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அத்த வுடு. கொன்னவன் யாருன்னு எழுதிட்டியா?”

“கடைசி வாரத்துலதான் வரும் மாமா.”

“எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

கோபத்துக்கு நடுவிலும் அமுதத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பார்த்தீர்களா, சண்டைக்கு வந்தவனையும் கதை எப்படிக் கட்டி இழுக்கிறது.

உண்மையில் அவள் எழுதியது ஆதிமூலத்தைப் பற்றியல்ல. எந்த மனுஷனைப் பற்றியும் அல்ல. ஒரு கிடாவைப் பற்றி.

அமுதத்தின் மகள் செல்வகுமாரி திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். முந்தின வருஷம் அவளுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது, ஆஸ்பத்திரி நடையில் நின்று அமுதம் ஆற்றங்கரை முனீஸ்வரனிடம் வாக்குக் கொடுத்தாள். புள்ளை பிழைத்து வீட்டுக்கு வரட்டும், உனக்குக் கறுப்புக் கிடா விடுகிறேன், சித்திரைப் பூசையில் ஏற்றுக்கொள். புள்ளை பிழைத்தாள். அமுதமும் வாக்குத் தவறவில்லை, இளங்கிடாவாக ஒன்றை வாங்கி, சாமி பெயரைச் சொல்லி அவிழ்த்துவிட்டாள்.

சாமிக்கு விட்ட கிடாவைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. ஊருக்கே தெரிந்த சட்டம் இது. எத்தனை கறுப்புக் கிடா ஒன்றாக நின்றாலும், எதன் கழுத்தில் கயிறு இல்லையோ அது சாமியுடையது. வேறு அடையாளம் கிடையாது. இந்தச் சட்டம் கிடாவுக்கும் தெரிந்துவிட்டதுதான் வினை. காசம்மாள் தோட்டத்துக் கத்திரிச் செடியை மொட்டையடித்தது. ஆண்டனியின் மெக்கானிக் கடையில் வரிசையாக நின்ற வண்டிகளை முட்டிச் சாய்த்தது. புகழ்வேந்தன் கடையில் காயவைத்த பேனரில், ஒரு கல்யாண மாப்பிள்ளையைக் கழுத்துவரை தின்றது. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தைப்பொங்கல் முடிந்து கரிநாள் அன்றைக்கு அந்தக் கிடா காணாமல் போனது.

கரிநாளுக்கு வீடு நிறைய விருந்து. ஊரில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கிடா வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது வழக்கம். சிவப்பிரகாசம் விடிந்ததும் தங்கள் கூறை வாங்கிவந்து கொடுத்தார். இப்படி ஒரு பஞ்சுபோலக் கறியைத் தின்றதே இல்லை என்று நாத்தனார் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள். சந்தடியெல்லாம் ஓய்ந்து, சாயங்காலம் மிச்சச் சோற்றைக் கலந்து கிடாவுக்கு வைக்கப் போனபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது.

மூன்று நாள் கரும்புக் கொல்லை, ஆற்றுப்படுகை என்று தேடிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

“காணாம போனவர் அடையாளம் சொல்லுங்க” என்றார் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர், தலை நிமிராமல்.

“கறுப்பா இருக்கும். தாடி இருக்கும்.”

“வயசு?”

“ரெண்டு.”

போலீஸ்காரர் நிமிர்ந்தார். “ரெண்டு வயசுல தாடியா?”

“கிடா சார்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அமுதம் விடவில்லை. “புள்ளை மாதிரி வளத்தேன் சார். ஒரு நாள் ஒரு அடி அடிச்சதில்ல. கரிநாளு அன்னைக்கு விடியக்காலை, விருந்துக்கு வச்சிருந்த இட்லி மாவுல வாய வச்சுது. அப்பக்கூட அடிக்கல சார். என் பழைய மஞ்சப் புடவைல ஒரு கிழிசலக் கிழிச்சுக் கழுத்துல போட்டு, பதமா இட்டுனு போயி, கோலத்த மிதிக்காம இருக்கட்டும்னு தோப்புப் பக்கம் நிறுத்திட்டு வந்தேன். அப்படி வளத்த கிடா சார்.”

“சாமிக்கு விட்டதுன்னா அது சாமி சொத்தும்மா. காணோம்னு சாமிதான் வந்து எழுதித் தரணும்.”

ஸ்டேஷனே சிரித்தது. ஊரில் வந்து சொன்னால், “சாமி எடுத்துக்கிச்சுன்னு நெனச்சுக்கோயேன்” என்றார்கள். எப்படி நினைத்துக்கொள்வது? சாமியே வாங்கிக்கொண்டிருந்தால் அவளுக்கென்ன. எவனோ ஒருவன் தின்று ஏப்பம் விட்டிருக்கிறான். முனீஸ்வரனுக்குக் கொடுத்த வாக்கு அந்தரத்தில் நிற்கிறது. சித்திரைப் பூசைக்குள் இதற்கொரு வழி பிறக்காவிட்டால், பிழைத்து வந்த புள்ளைக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று, செல்வகுமாரி ஒரு தும்மல் போட்டாலும் அமுதம் விபூதியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த ஆத்திரத்தில்தான் பேனாவை எடுத்தாள். ‘கொக்கி’யில் அவள் ஏற்கெனவே சிறு கதைகள் எழுதியவள். போனில் விஷயத்தைச் சொன்னதும் மணவாளன் பதறிப்போனார்.

“ஆடு காணோம்னு தொடர்கதை எழுதினா எவன்மா படிப்பான்? ஆள் காணாம போகட்டும்.”

சரியென்று கிடாவை மைனராக்கினாள். மற்றதெல்லாம் அப்படியே. தாடி, திண்டி, திமிர், யாரும் கைவைக்க முடியாத செல்வாக்கு. தின்றவன் படிப்பான், படித்தால் உறுத்தும், உறுத்தினால் தன்னால் வந்து காலில் விழுவான் என்பது அவள் கணக்கு.

வந்தது ஆதிமூலம். அதுவும் செத்தவனாக.

*

சொந்தத்துக்குள் மனத்தாங்கல் வேண்டாமென்று, அடுத்த வாரம் அமுதம் மைனரின் தாடியை எடுத்துவிட்டாள். ‘காணாமல் போன அன்று காலையில்தான் மைனர் முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து கிளம்பினான்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான் செய்தாள்.

வியாழக்கிழமை இதழ் வந்தது. வெள்ளிக்கிழமை புகழ்வேந்தன் வந்தான். பஸ் நிறுத்தத்தில் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவன். ஊரில் காதுகுத்தோ கருமாதியோ, எந்த பேனராக இருந்தாலும் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அவன் படமும் இருக்கும்.

“ஏன் சித்தி, நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலையேப்பா.”

“அப்பறம் எதுக்கு என்ன சாவடிச்சீங்க? நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புல பக்கத்த போட்டோ புடிச்சுப் போட்டுட்டானுங்க. ராத்திரிலேர்ந்து எனக்கு அஞ்சலி செலுத்திகினு இருக்கானுங்க. ஒருத்தன் என் போட்டோவுக்குக் கீழ ரெண்டு மெழுகுவத்தி வேற வச்சிருக்கான்.”

“உன்ன நெனச்சு எழுதலப்பா. சத்தியமா.”

“கறுப்புக் கண்ணாடின்னா நான்தானே சித்தி.” அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். “போனது போவட்டும். கொன்னவன் யாரு? யாரையாவது மனசுல வச்சிருக்கீங்களா?”

“அது ரகசியம்.”

“நல்லா யோசிச்சு எழுதுங்க சித்தி. அவசரப்படாதீங்க” என்றான், என்னவோ அவளுக்கு ஆறுதல் சொல்பவன்போல.

அதோடு விட்டிருந்தால் தேவலை. தான் உயிரோடு இருப்பதை ஊருக்குத் தெரிவிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பேனர்தான். பஸ் நிறுத்தத்தில் பத்தடிக்குப் பெரிதாக ஒன்று கட்டினான். கைகூப்பியபடி அவன் படம். கீழே, ‘வதந்திகளை நம்ப வேண்டாம். நான் நலமாக இருக்கிறேன். இவண், புகழ்வேந்தன்.’

அந்த ஊர்ப் பக்கத்தில் ஒற்றை ஆளின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். எழுத்தை யார் படிக்கிறார்கள்? அரியாங்குப்பத்தில் இருக்கும் அவன் மாமியார், யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் மாலையும் கோடித்துணியுமாக வந்து இறங்கி, மாரிலடித்துக்கொண்டு கடைக்குள் போனாள். உள்ளே மருமகன் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். மாலைக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவை யார் கொடுப்பது என்று அங்கே ஒரு சண்டை முளைத்து, முடிவில் இரண்டு பேரும் ஒன்றாகி அமுதம் வீட்டு வாசலுக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

“இன்னா அநியாயம் பாரு” என்று அமுதம் வீட்டுக்காரரிடம் பொருமினாள். “மருமகன் உசுரோட இருக்கிறான்னு தெரிஞ்சு சந்தோஷப்பட வேண்டிய பொம்பளை, என்ன வந்து திட்டுது.”

சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “மோட்டாரு பாத்துட்டு வரேன்.”

இந்தக் கதை ஆரம்பித்ததிலிருந்து அந்த மோட்டாரை அவர் பார்த்த அளவுக்கு, கல்யாணமான புதிதில் அமுதத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவள் ஒரு அத்தியாயத்தை எடுத்துப் படித்துக் காட்ட உட்கார்ந்தால் போதும், அவருக்கு மோட்டார் ஞாபகம் வந்துவிடும்.

*

மூன்றாவது வாரம், மைனர் வெளியூர்க்காரன் என்று மாற்றினாள். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். கிடா வண்டிகளை முட்டித் தள்ளியதை நினைத்து, ‘எவனுடைய வண்டியானாலும் உரிமையோடு கைவைப்பான்’ என்று மட்டும் எழுதினாள். வெளியூரில் யாராவது கோபித்துக்கொண்டால் பஸ் பிடித்தல்லவா வரவேண்டும்.

ஆண்டனி பஸ் பிடிக்கவில்லை. கடையிலிருந்து கிரீஸ் கையோடு நடந்தே வந்தான்.

“ரிப்பேருக்கு வர்ற வண்டிய டிரையல் பாக்க எடுத்துகினு போறேன்கா. தொழில்னா அப்படித்தான். அதுக்குன்னு உரிமையோட கைவைப்பான்னு எழுதுவீங்களா? நேத்து ஒரு ஆளு வண்டிய வுட்டுட்டு, சாவிய கையோட எடுத்துகினு போறான்.”

“டேய், அந்த மைனரு வெளியூருன்னு எழுதியிருக்கேன்டா.”

“நான் பொறந்தது நெல்லித்தோப்புலக்கா.”

அமுதம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆண்டனி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்கையில் கேட்டான், “கொன்னது ஒருத்தனா, பல பேராக்கா?”

“ஏன்டா?”

“சும்மா கேட்டேன். தெரிஞ்சு செய்யறது வேற, தெரியாம ஆயிடறது வேற. அத்தயும் கொஞ்சம் எழுதுங்க.”

அட, மெக்கானிக் கடைக்காரனுக்குக் கதை நுணுக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அமுதம் வியந்தாள்.

மணவாளனுக்குத் தலைகால் புரியவில்லை. குருவிநத்தம் இருக்கிற பாகூர்ப் பக்கம் மட்டும் ‘கொக்கி’ அடித்துக்கொண்டு போகிறது. “ஊரே வாங்குதும்மா. நிறுத்திடாதீங்க. ஆனா அந்த மைனர் ஒரு வாரம் தாடியோட இருக்கிறான், ஒரு வாரம் தாடி இல்லாம இருக்கிறான், இப்ப வெளியூர்ங்கறீங்க. வாசகர் ஒருத்தர் போன் பண்ணி, செத்தது எத்தனை பேர்னு கேக்கறாரு.”

ஆம்பளையாக இருப்பதால்தானே இவ்வளவு ரோசம்? அடுத்த அத்தியாயத்தில் அமுதம் துணிந்து ஒரு வெடி வைத்தாள். மைனர் ரத்னவேலு ஆணே இல்லை. ஆண் வேஷத்தில் திரிந்த ரத்னாவதி. ‘அவள் கால் பட்ட தோட்டத்தில் பச்சை மிஞ்சாது’ என்று முடித்தாள்.

காசம்மாள் வந்தாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள்.

“ஏண்டி அமுதம், நான் ஆம்பளை வேஷம் போட்டுகினு ஊரச் சுத்துனத நீ பாத்தியா?”

“உன்ன யாருடி சொன்னது?”

“தோட்டம்னு போட்டிருக்கியே. இந்த ஊர்ல தோட்டம் வச்சிருக்கிற பொம்பளை யாரு? நான் கை வச்சா பச்சை மிஞ்சாதா? வந்து பாருடி என் கத்திரியை.”

அமுதத்துக்கு இதுதான் பொறுக்கவில்லை. ஏனென்றால் அவள் சந்தேகப்பட்டதே காசம்மாளைத்தான். கத்திரிச் செடி போன வயிற்றெரிச்சலில் இவள்தான் கிடாவைத் தீர்த்துக் கட்டியிருப்பாள் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தாள். கொன்றவள் என்று அவள் நினைத்த ஆள், செத்தவள் நான்தான் என்று வந்து நிற்கிறாள்.

கத்திவிட்டுப் போகையில் காசம்மாளும் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் போன குரலில் கேட்டாள். “கொன்னது யாருன்னு உனக்கு நெஜமாவே தெரியுமாடி?”

“தெரியாமலா எழுதறேன்?”

காசம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “சாப்புட்டியா?” என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காமல் அமுதம் பொங்கித் தீர்த்தாள்.

“கேட்டியாய்யா இந்தக் கூத்த. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் செத்தவன். ஆதிமூலம் மாமா செத்தவன். புகழு செத்தவன். ஆண்டனி செத்தவன். காசம்மா அதுக்கும் மேல. எல்லாரும் வரிசையில நின்னு நான்தான் செத்தேன், நான்தான் செத்தேன்னு சண்டை போடுதுங்க. கொன்னவன் நான்னு ஒருத்தன் வரல. கொன்னவன் இல்லாம எப்படிய்யா செத்தான்? இது இன்னா ஊரு?”

சிவப்பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “வுட்டுடேன் அமுதம். யாரோ அறியாமப் பண்ணியிருப்பாங்க. அவங்க பேரு வெளிய வந்து இன்னா ஆவப் போவுது?”

“அறியாம ஒருத்தன் கிடாவ அறுப்பானா? அறியாமக் கொழம்பு வைப்பானா?”

அவர் கையைக் கழுவிக்கொண்டார். “மோட்டாரு பாத்துட்டு வரேன்.”

“கரண்டே இல்லய்யா” என்று அவள் கத்தியது, அவர் படல் தாண்டிய பிறகு.

*

சித்திரைப் பூசைக்கு நாள் குறிக்க, முனீஸ்வரன் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. பொங்கல் எத்தனை பானை, மேளம் யார் என்று பேசி முடித்து எழப் போனவர்களை அமுதம் நிறுத்தினாள். இதற்குமேல் மூடி மறைத்து எழுத அவளால் முடியாது.

“ஒரு நிமிஷம். அந்த மைனரு யாருன்னு எல்லாரும் கேட்டீங்க இல்ல? சொல்லிடறேன். அது மாமா இல்ல, புகழு இல்ல, ஆண்டனி இல்ல, காசம்மா இல்ல. அது என் கிடா. தாடி வச்சது, வேலை செய்யாதது, கேக்காம வூட்டுல பூர்றது, எல்லாம் என் கறுப்புக் கிடா.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்னைக் கிடா என்கிறாயா என்று நாலு பக்கமிருந்தும் பாயப் போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

கண்ணைத் திறந்து பார்த்தால், ஆதிமூலம் தாடியைத் தடவிக்கொண்டு மரத்தின் உச்சியைப் பார்த்தார். புகழ்வேந்தன் கண்ணாடியைத் துடைத்தான். ஆண்டனி காலால் மண்ணைக் கிளறினான். காசம்மாள் தலைகுனிந்து நின்றாள். கிடாவோடு ஒப்பிட்டதற்கு ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் அமுதத்துக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“ஓ. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது.”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“சேந்து தின்னீங்களா? கூறு போட்டுத் தின்னீங்களா? என் புள்ளை உசுருக்கு நேந்துகினது. முனீஸ்வரன் மொகத்த எப்படிப் பாக்கறீங்க?” அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலை மறுபடி தூக்கிக்கொண்டாள். “வர்ற வாரம் கடைசி அத்தியாயம். கதைப்பேரு கெடையாது, சொந்தப் பேரப் போட்டே எழுதறேன். கொன்னது யாருன்னு பாகூரே படிக்கட்டும்.”

“அமுதம், வேணாம்மா” என்றார் ஆதிமூலம். வேர்க்கடலை தின்ற குரல் இல்லை அது.

“ஏன் வேணாம்? பயமா?”

“பயந்தான்” என்றார் அவர். சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் ஒரு கறுப்புக் கிடா நின்றிருந்தது. கொழுத்த கிடா, நல்ல தாடி. கழுத்தில் கயிறு இல்லை. கோலத்தின் மேல் நின்றுகொண்டு, நிலைப்படியில் வைத்திருந்த வாழைப்பூவைத் தின்றுகொண்டிருந்தது.

அமுதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்கு. கொலைக்கு லஞ்சம். நேற்றுவரை அவளுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று இப்போது தெரிந்துவிட்டது. நாலைந்து குடும்பம் சேர்ந்து கூறு போட்டிருந்தால், அறுத்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும். அந்த ஊரில் கரிநாளுக்கு எல்லாருக்கும் அறுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவன்தான், சூசைநாதன்.

“எங்கய்யா போற?” என்று கேட்டாள், செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சிவப்பிரகாசத்தைப் பார்த்து.

“மோட்டாரு…”

“நில்லு. வந்து பேசிக்கறேன் உன்கிட்ட.”

கொடியில் கிடந்ததைக் கைக்குக் கிடைத்தபடி இழுத்து, ஒரு முழம் கிழித்து, கிடாவின் கழுத்தில் முடிச்சுப் போட்டுத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். தெருவில் காசம்மாள் குடத்தோடு நின்றவள், அதைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சூசைநாதன் வீட்டு வாசலில் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். சாதுவான ஆள். ஆட்டை அறுக்கும்போதுகூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அறுப்பான் என்று சொல்வார்கள். அமுதத்தையும் கிடாவையும் கண்டதும் எழுந்து நின்றான்.

“உண்மையச் சொல்லு சூசை. என் கிடாவ அறுத்தவன் நீதானே?”

அவன் கத்தியைப் பலகையில் வைத்தான். “ஆமாங்க்கா.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அமுதம் நினைக்கவில்லை. கரிநாளிலிருந்து தேடிய ஒரு வார்த்தை.

“திருடிக் கொடுத்தது யாரு?”

“யாரும் திருடலக்கா. கரிநாளுக்குக் கூறு போட வாங்கினது தோ, உங்க கையில இருக்குதே, இந்தக் கிடாதான். தோப்புல புளியமரத்தடியில கட்டியிருக்குது, விடியறதுக்குள்ள அறுத்துடுன்னு சிவப்பிரகாசம் அண்ணன் சொன்னாரு. போனேன். ஒரு கிடா நின்னுச்சு, அறுத்தேன். மத்தியானம் பாத்தா, இது கயித்த அத்துகினு காசம்மாக்கா கத்திரியில மேயுது. அப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது, அறுத்தது எதுன்னு. பூசைக்கு ஆவும்னு இத்த அப்பலேர்ந்து ஆண்டனி கொட்டாயில வச்சு வளத்தோம்.”

“தெரிஞ்சவங்க எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“வேணாம்னாங்க. அண்ணன்தான் மொதல்ல சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு.”

“நான் தாங்கறது இருக்கட்டும். நீ எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்ற? சாமிக்கு விட்ட கிடாவுக்கும் கறிக்கிடாவுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?”

சூசைநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தான்.

“சாமி கிடான்னா கழுத்துல எதுவும் இருக்காதேக்கா. அன்னைக்கு அது கழுத்துல, இப்ப நீங்க புடிச்சுகினு நிக்கிறீங்களே, இதே மஞ்சப் புடவைக் கிழிசல்தான் இருந்துச்சு.”